மரத்துக்குள் பெய்த மழை

மன்னார்க் கரையின் கதை: பகுதி 19

மன்னார் நகரத்தை விட்டுப் பள்ளிமுனைப் பக்கம் போனால் பெருக்க மரம் நிற்கிறது. சுற்றளவு 19.5 மீற்றர். உயரம் 7.5 மீற்றர்தான். கிளைகளைவிட அடிமரமே கண்ணை நிறைக்கும். சாம்பல் நிறப் பட்டை, யானையின் காலில் விழும் மடிப்புப்போல அங்கங்கே மடிந்து கிடக்கும். தமிழகக் கரையில் இதே மரத்துக்குப் பப்பரப்புளி, பொந்தன்புளி என்ற பெயர்கள் வழங்குகின்றன. ஒட்டகத்துக்குத் தீனியாக அரபு வணிகர் கொண்டுவந்த மரம் என்று ஊரில் சொல்வார்கள்.

அதன் வயதைப் பற்றி இரண்டு கணக்குகள் புழக்கத்தில் உள்ளன. 1477 இல் நடப்பட்டது என்பது ஒன்று. எழுநூறு ஆண்டைத் தாண்டியது என்பது மற்றது. பார்க்க வருபவர்கள் இரண்டையும் ஒரே வியப்போடு கேட்டுக்கொண்டு, படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். வரலாறு எழுதுகிறவனுக்கு அப்படிப் போக முடியாது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கிடக்கிறது. இபின் பதூதா இலங்கைக் கரையில் இறங்கி யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த 1344 அதற்குள்தான் வருகிறது. அவர் வந்தபோது இந்த மரம் நின்றதா, இல்லையா? சிறிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் போனால், மன்னாரின் வரலாற்றில் யாரும் எழுதிவைக்காத ஒரு பெரும் பகுதியின் வாசலில் போய் நிற்போம். அது மழையின் வரலாறு.

சென்ற பகுதியில் கட்டுக்கரைக் குளத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு கேள்வியைப் பாதியில் விட்டிருந்தேன். தாதுசேனன் 5 ஆம் நூற்றாண்டில் கட்டியதாக மரபு சொல்லும் குளம், அருவியாற்றுத் தண்ணீரை வாங்கி மாந்தையின் வயல்களுக்குக் கொடுத்த குளம், பிற்காலத்தில் ஏன் பாழடைந்தது? 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் திருத்த முனையும்வரை ஏன் காடேறிக் கிடந்தது? கலிங்கத்திலிருந்து வந்த மாகனின் படையெடுப்பு என்பார் சிலர். மலேரியா என்பார் சிலர். குளத்தைப் பார்த்துக்கொண்ட நிர்வாகம் குலைந்தது என்பார் வேறு சிலர். மழை பொய்த்தது என்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கடைசிக் காரணத்துக்குச் சான்று எங்கே என்றுதான் கேட்டிருந்தேன்.

சாசனங்களில் தேடினால் தானம் கிடைக்கும், வரி கிடைக்கும், வெற்றி கிடைக்கும். மழை கிடைக்காது. 1560 இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயர் முத்துக்கும் மதத்துக்கும் கணக்கு வைத்தார்கள். 1658 இல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தர் வருமானத்துக்குக் கணக்கு வைத்தார்கள். வானத்துக்குக் கணக்கு வைக்கும் பழக்கம் பிறகுதான் வந்தது. இலங்கையில் மழைமானி வைத்து ஒழுங்காகக் குறித்துக்கொள்ளும் வேலை 1860களின் இறுதியில், நில அளவையாளர் தலைமையில் தொடங்கியது. ஆக நம் கையில் இருப்பது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு மழை. மாந்தைத் துறைமுகத்தின் வரலாறோ இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல்.

மழை இல்லாமல் மன்னார் வரலாற்றை எழுதுவது, கடல் இல்லாமல் எழுதுவதற்குச் சமம். இலங்கையின் மிக வறண்ட இரண்டு மூலைகளில் ஒன்று இது. மற்றது அம்பாந்தோட்டைப் பக்கம். ஆண்டு முழுவதற்கும் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை. அதிலும் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். சோளகம் வீசும் மாதங்களில் கொழும்பிலும் காலியிலும் மழை அடிக்கும், இங்கே மணல்தான் பறக்கும். காலபோக நெல்லும், குளத்து நீரும், தீவின் மணலுக்குக் கீழே உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீரும், எல்லாமே அந்த மூன்று மாதத்தின் கையில்தான். அந்த மூன்று மாதமும் ஏமாற்றிய ஆண்டுகள் எவை? தொடர்ந்து ஐந்து, பத்து ஆண்டு ஏமாற்றியது உண்டா?

இதை மரத்திடம் கேட்கலாம் என்று முதலில் முறையாகக் காட்டியவர் தாவரவியலாளர் அல்லர், வானியலாளர். ஏ. ஈ. டக்ளஸ் என்ற அமெரிக்கர் சூரியப் புள்ளிகளின் சுழற்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தச் சுழற்சி பூமியின் மழையைப் பாதித்தால் மழை மரத்தைப் பாதிக்கும், மரம் அதை வளையமாக வைத்திருக்கும் என்று எண்ணினார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிசோனாவின் வறண்ட நிலத்துப் பைன் மரங்களை எண்ணத் தொடங்கினார். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகன்ற வளையம், பொய்த்த ஆண்டில் ஒடுங்கிய வளையம். சூரியப் புள்ளிகளைப் பற்றி அவர் தேடியது அவ்வளவாகக் கைகூடவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அகப்பட்டது. ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே வரிசையில் ஒடுங்கியும் அகன்றும் வளர்ந்திருந்தன. உயிரோடு நிற்கும் மரத்தின் உட்புற வளையங்களை, அதற்கு முன் வெட்டி வீடு கட்டிய மரத்தின் வெளிப்புற வளையங்களோடு பொருத்தலாம். அந்த வீட்டு மரத்தை அதைவிடப் பழைய வீட்டு மரத்தோடு பொருத்தலாம். இப்படிச் சங்கிலி பின்னோக்கிப் போகும். 1929 இல் ஷோ லோ என்ற ஊரில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த, கருகிய ஓர் உத்தரம் அந்தச் சங்கிலியில் அறுந்திருந்த கண்ணியை இணைத்தது. அத்தோடு அமெரிக்கப் பழங்குடியினரின் பாழடைந்த ஊர்கள் பலவற்றுக்கு ஆண்டு சொல்ல முடிந்தது. எழுத்து இல்லாத மக்களின் வரலாற்றுக்கு அவர்கள் வீட்டு உத்தரமே ஆண்டு சொன்னது.

எண்ணுவதல்ல, பொருத்துவதுதான் இந்தக் கலையின் உயிர். தனி ஒரு மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்வதை யாரும் செய்யலாம், பிழையும் விடலாம். சில ஆண்டுகளில் மரம் வளையமே போடாது. சில ஆண்டுகளில் நடுவில் ஒரு மழை வந்து இரண்டு வளையம் போடும். இருபது முப்பது மரங்களை அருகருகே வைத்துப் பொருத்தும்போதுதான் எது பொய் வளையம், எங்கே ஒன்று விடுபட்டது என்று தெரியவரும்.

குளிர்நாட்டில் இது இலகு. பனிக்காலம் வந்து மரத்தை நிறுத்திவைக்கும். நம்முடைய வெப்ப நாட்டில் மரம் எப்போது நின்றது, எப்போது தொடங்கியது என்பதற்கு வறட்சிதான் அடையாளம். நல்ல வேளையாக மன்னாருக்கு வறட்சியில் குறைவில்லை.

ஆனால் மன்னாரில் எந்த மரத்திடம் கேட்பது? இந்தத் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை. தச்சு வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தன் பட்டறையில் கிடந்த பனந்துண்டைக் காலால் தள்ளிக் காட்டிச் சொன்னார்: “தம்பி, பனைக்கு வைரம் வெளியில. உள்ளுக்குச் சோறு. அதில என்னத்த எண்ணப் போறீர்?”

அவர் சொன்னதைத்தான் தொல்காப்பியமும் சொல்கிறது. வைரம் உள்ளே இருப்பதை மரம் என்றும், வெளியே இருப்பதைப் புல் என்றும் மரபியல் பிரிக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்பவை அதன் சொற்கள். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லினம். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்கு உறவாகவே, ஒருவித்திலைத் தாவரமாகவே வைத்திருக்கிறது. பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புதிய மரத்தைச் சுற்றிக் கட்டும் வளர்படை அதற்கு இல்லை. வைரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரித்தவர்கள், எந்த உயிர் தன் ஆண்டுகளை உள்ளே சேர்த்துவைக்கும், எது வைக்காது என்பதையும் அறியாமலே பிரித்து வைத்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பனை நூறு ஆண்டு நிற்கும். உணவும் கூரையும் வேலியும் தரும். ஆனால் தான் குடித்த மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

அப்படியானால் அயலில் பேசக்கூடிய மரம் எது? தேக்கு. கோடையில் இலையுதிர்த்து ஓய்ந்து, மழை தொடங்கியதும் பெரிய நீர்க்குழாய்களை வரிசையாகத் திறந்து வளரும் மரம். அதனால் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கமும் துளைகளின் வரிசையாக வெறுங்கண்ணுக்கே தெரியும். ஜாவாத் தீவில் பெர்லாகே என்ற ஒல்லாந்து அறிஞர் 1931 இலேயே தேக்கின் வளையங்களைக் கொண்டு 1514 வரை பின்னோக்கிப் போனார். நமக்கு அருகில், கேரளக் காடுகளின் தேக்கைப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். எச். பி. போர்கோங்கரும் அவருடைய குழுவினரும் 2010 இல் வெளியிட்ட தொடர் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு நீளுகிறது. பள்ளிமுனை மரம் 1477 இல் நடப்பட்டது என்ற கணக்கு சரியென்றால், கேரளத் தேக்கும் மன்னார்ப் பெருக்கும் ஏறக்குறைய ஒரு வயதினர்.

அந்தத் தேக்குகள் தெளிவாகவே பேசுகின்றன. பசிபிக் கடலில் எல் நினோ தலையெடுத்து, இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குன்றிய பல ஆண்டுகளில் அவற்றின் வளையம் ஒடுங்கியிருக்கிறது. அதே 2010 இல் எட்வர்ட் குக் தலைமையிலான குழு, ஆசியா முழுவதிலுமிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட மரவளையத் தொடர்களைத் திரட்டிப் பருவமழை ஆசியாவின் வறட்சிப் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 1300 முதல் ஏழு நூற்றாண்டு. சீனாவின் மிங் அரசு கவிழ்ந்த காலத்து 1638–1641 வறட்சி அதில் இருக்கிறது. 1756–1768 இன் நீண்ட வறட்சி இருக்கிறது. 1790–1796 இன் கிழக்கிந்திய வறட்சியும் 1876–1878 இன் பெரும் வறட்சியும் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். 1795 இல் பிரித்தானியர் மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றினார்கள். படத்தொகுப்பைத் திறந்தால் 1790–1796 இல் வறட்சி என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, பசியும் தாகமும் வாட்டிய தீவில் பிரித்தானியர் வந்திறங்கினார்கள் என்று எழுதிவிட எவ்வளவு ஆசை வரும்! எனக்கும் வந்தது. எழுதவில்லை. காரணம், அந்தப் படத்தொகுப்பு சொல்வது ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களின் ஈரத்தை. மன்னாருக்கு அந்த மூன்று மாதமும் எந்த ஆண்டிலும் வறட்சிதான். நம் மழை வேறு மழை.

வேறு என்பதோடு நிற்கவில்லை. பல ஆண்டுகளில் அது எதிர்த் திசையிலேயே நடக்கும். எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குன்றும் வழக்கம் உண்டு. ஆனால் அதே எல் நினோ, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையிலும் தமிழகக் கரையிலும் மழையைக் கூட்டும். இலங்கை ஆய்வாளர் லரீஃப் சுபைர் இந்தத் தொடர்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அண்மைக் காலத்திலேயே உதாரணம் உண்டு. 2015 பெரும் எல் நினோ ஆண்டு. சென்னை டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு எல் நினோ அடங்கி நிலை தலைகீழானது. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை வழமையைவிட அறுபது வீதத்துக்கும் மேல் குறைந்தது. இலங்கையில் 2016 இன் இறுதியிலிருந்து 2017 வரை நீடித்த வறட்சி, நாற்பது ஆண்டில் காணாதது என்று சொல்லப்பட்டது. கேரளத் தேக்கு அகன்ற வளையம் போட்ட ஓர் ஆண்டில் மன்னார்க் குளங்கள் வெடித்துக் கிடந்திருக்கலாம். தேக்கு ஒடுங்கிய ஆண்டில் இங்கே களஞ்சியம் நிறைந்திருக்கலாம். அப்படியே தலைகீழாகத் திருப்பி வாசித்துவிடலாம் என்றும் எண்ணக்கூடாது. அந்தத் தொடர்பு எல்லாக் காலத்திலும் ஒரே வலுவில் இருந்ததில்லை.

1876 ஐப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் அந்த ஆண்டின் வடகிழக்கு மழை பொய்த்தது, அடுத்த ஆண்டின் தென்மேற்கும் பொய்த்தது. இரண்டு பருவமும் கைவிட்ட அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைக்க ஓடியவர்களில் ஒரு கூட்டம் பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தது. அந்தப் பாதையோரத்துக் கல்லறை இல்லாத புதைகுழிகளைப் பற்றி இத்தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அவர்கள் நடந்த வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா, அந்த ஆண்டு வன்னிக் குளங்களில் நீர் நின்றதா என்பதெல்லாம் வேறு ஊர் மரங்களைக் கொண்டு சொல்லக்கூடிய சங்கதிகள் அல்ல. நம் மழையை நம் மரத்தில்தான் தேட வேண்டும்.

ஆகவே பெருக்க மரத்துக்கே திரும்புவோம். இந்த இனத்தின் வயதைப் பற்றிய மயக்கம் பள்ளிமுனையில் தொடங்கியதல்ல. 1749 இல் செனகல் கரைக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அதான்சோன், அங்கிருந்த ஒரு தீவின் மரங்களில் பழைய மாலுமிகள் செதுக்கிய பெயர்களைக் கண்டார். அந்தப் பெயர்களுக்கு மேல் வளர்ந்த மரத்தின் தடிப்பை வைத்துக் கணக்கிட்டு, இந்த இனத்துப் பெருமரம் 5150 ஆண்டுகூட வாழும் என்றார். அந்த இனத்துக்கே அவர் பெயரை வைத்து அதான்சோனியா என்றார் லின்னேயஸ். பெயர் நிலைத்தது, கணக்கு நிலைக்கவில்லை. பருமனைக் கொண்டு இந்த மரத்துக்கு வயது சொல்ல முடியாது. தண்ணீரை உள்ளே சேமிக்கும் மரம் இது. நல்ல மழையில் பருக்கும், நீண்ட வறட்சியில் சிறுத்தும் போகும். போதாக்குறைக்கு, ஒரே அடிமரம் என்று நாம் பார்ப்பது பல தண்டுகள் வட்டமாக முளைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாக இருக்கும். நடுவில் பொந்து. வளையம் எண்ணலாம் என்றால், முதல் வளையங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று.

இதற்கு வழி திறந்தது ரேடியோகாபன். கரிபா ஏரிப் பகுதியில் வெட்டப்பட்ட ஒரு பெருக்க மரத்தின் உட்பகுதியைச் சோதித்து, அதன் வயது ஏறக்குறைய 1010 ஆண்டு என்று ஈ. ஆர். ஸ்வார்ட் 1963 இல் எழுதினார். பின்னர் ருமேனியாவின் அட்ரியான் பத்ருட், மரத்தை வெட்டாமல் ஊசிபோன்ற துளைகருவியால் சிறு துணுக்குகளை எடுத்து ஆபிரிக்காவின் பெருமரங்களை வரிசையாகச் சோதித்தார். சிம்பாப்வேயின் பங்கே மரம் 2450 ஆண்டு வாழ்ந்தது என்று தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஜூன்சியிலும் கிந்தூரிலும் நிற்கும் மரங்கள் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டினவாகக் கணிக்கப்பட்டன. வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே இந்த ஆபிரிக்க மரம் இந்தியத் துணைக்கண்டத்தில் வேரூன்றிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2015 இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றும், இந்த மரம் ஒரே தடவையில் அல்லாமல் ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல தடவைகளில் இங்கே வந்து சேர்ந்தது என்று காட்டியது. எனவே பள்ளிமுனை மரத்துக்கு எழுநூறு ஆண்டு என்று சொல்பவர்களை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் பருமனைப் பார்த்துச் சொன்ன எண் என்றால், அதற்கு அதான்சோனின் 5150 க்கு உள்ள மதிப்புத்தான்.

வயதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அதே 2015 இல் ஸ்டீபன் வூட்போர்ன் என்பவரும் கூட்டாளிகளும் தென்னாபிரிக்காவின் வடபகுதியில் நின்ற நான்கு பெருக்க மரங்களிலிருந்து ஆயிரம் ஆண்டு மழையை வாசித்தார்கள். அவர்கள் நம்பியது வளையத்தின் அகலத்தை அல்ல, அதற்குள் இருந்த காபனை. வறட்சி வந்தால் மரம் நீர் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். வழமையாக இலை பாரம் குறைந்த காபனையே விரும்பி எடுக்கும். துளையை மூடியபின் உள்ளே அடைபட்ட காற்றில் தேர்வு செய்ய இடமில்லை, பாரம் கூடிய காபனையும் எடுத்துக்கொள்ளும். அந்தக் கலவை மரமாக இறுகி அப்படியே நின்றுவிடும். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு அந்தத் துணுக்கை அளந்தால், அந்த ஆண்டில் மரம் தாகத்தில் வாய் மூடியிருந்ததா, நிம்மதியாக மூச்சு விட்டதா என்று தெரியும். அவர்களுடைய கணக்கில் மிக ஈரமான காலம் 1075 ஐ ஒட்டி வந்தது. மிக வறண்ட காலங்கள் 1635, 1695, 1805 ஆகியவற்றை ஒட்டி வந்தன. வெட்ட வேண்டாம், முழு வளையமும் வேண்டாம், பொந்து விழுந்த மரத்திலும் மிஞ்சியிருக்கும் பகுதி போதும். மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்க மரங்களைச் சுற்றுலாப் பயணிகளின் காட்சிப்பொருள் என்று மட்டும் எண்ணுவது எவ்வளவு பெரிய அறியாமை!

காலமும் அதிகம் இல்லை. பத்ருட்டின் குழு 2018 இல் எழுதியபடி, ஆபிரிக்காவின் மிகப் பழைய 13 பெருக்க மரங்களில் 9 உம், மிகப் பெரிய 6 இல் 5 உம் 2005 க்குப் பிறகு முழுதாகவோ பகுதியாகவோ சாய்ந்துவிட்டன. வெப்பமும் வறட்சியும் கூடியதே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். ஆயிரம் ஆண்டைக் கடந்தவை நம் கண் முன்னே பதினைந்து ஆண்டுக்குள் விழுந்திருக்கின்றன.

மரத்திலிருந்து மழையை வாசிக்கும் இந்த வேலை கைகூடினால் வரலாற்றுக்கு என்ன கிடைக்கும் என்பதற்குக் கம்போடியாவே சாட்சி. அங்கோர் ஏன் கைவிடப்பட்டது என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். சயாம் படை என்பதே பலருடைய விடை. 2010 இல் பிரெண்டன் பக்லி குழுவினர் வியட்நாம் மலைகளில் நின்ற பழைய சைப்பிரஸ் இன மரங்களின் வளையங்களை வாசித்தார்கள். 14 ஆம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டு நீண்ட வறட்சி, 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு கடும் வறட்சி, இரண்டுக்கும் இடையில் பேய்மழை. வறட்சிக்குப் பழகிச் சுருங்கிய கால்வாய்களை அந்த மழை உடைத்து மண்ணால் அடைத்துவிட்டது. படையெடுப்பு நடக்கவில்லை என்று மரம் சொல்லவில்லை. படை வந்தபோது நகரம் ஏற்கெனவே எவ்வளவு தளர்ந்திருந்தது என்று சொன்னது.

மாந்தை என்றும் சொல்லும் நம்முடைய மாதோட்டத்தை நினைத்துப் பாருங்கள். சோழர் காலத்தில் இராசராசபுரம் என்று பெயர் சூட்டப்பட்ட துறைமுகம். 1980களில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தோண்டிய அந்த இடத்தில் 2009–2010 இல் மீண்டும் தோண்டியபோது கிடைத்தவற்றுள் மிளகும் கராம்பும் நெல்லும் கோதுமையும் இருந்ததாக, 2018 இல் வெளியான தாவர எச்ச ஆய்வு காட்டியது. தென்கிழக்காசியாவின் கராம்பு வந்து இறங்கிய துறைமுகம், அந்த அளவுக்குச் செழித்த நகரம், 11 ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு தேய்ந்து மண்மேடாயிற்று. வணிகப் பாதை மாறியதா, கடல்வாய் மண்ணால் தூர்ந்ததா, பின்னிலத்தின் குளங்கள் வற்றி ஊரைத் தாங்க முடியாமல் போயிற்றா? மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் எண்ணம். எதன் பங்கு எவ்வளவு என்று சொல்ல ஆண்டுவாரியான மழை வேண்டும்.

பெருக்கைத் தவிர இங்கே வேறு மரங்களும் உண்டு. விடத்தல்தீவிலும் வங்காலையிலும் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் கண்டல். கென்யாவின் காசிக் குடாவில் அதே இனக் கண்டலை ஆராய்ந்த அனூக் வெர்ஹைடன், மழைக்காலத்தில் நீர்க்குழாய்கள் குறைந்த மரமும், வறட்சியில் குழாய்கள் நெருங்கிய மரமும் மாறிமாறி ஆண்டுக்கொன்றாக அமைவதைக் காட்டினார். ஒரே மழைக்காலம் உள்ள மன்னாரில் கண்டலின் வளையம் இன்னும் தெளிவாக விழும் என்று எதிர்பார்க்கலாம். பெருநிலப்பரப்பில், மடுக் காட்டிலும் அருவியாற்றங்கரையிலும், முதிரையும் பாலையும் நிற்கின்றன. மெல்ல வளர்ந்து இரும்பாக இறுகும் மரங்கள்.

வளையக் கணக்கு பிசகிவிட்டதா என்று சரிபார்க்கவும் இந்தக் கரைக்கு ஓர் அடையாளக்கல் உண்டு. அது 1964. அந்த ஆண்டு டிசம்பர் 22, 23 ஆம் திகதிகளில் தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்த புயல் தலைமன்னாரையும் மன்னார்க் கரையையும் சேர்த்தே அடித்தது. புயல் கொண்டுவரும் மழையில் ஒக்சிசனின் கலவை மற்ற மழையிலிருந்து வேறுபடும். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பைன் மரங்களுக்குள் அந்த வேறுபாட்டைக் கண்டு 220 ஆண்டுப் புயல்களை 2006 இல் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் உலகக் காற்றில் ரேடியோகாபன் உச்சத்தைத் தொட்டதும் அதே 1963, 1964 காலத்தில்தான். அப்போது உயிரோடிருந்த மன்னார் மரம் ஒவ்வொன்றுக்குள்ளும், உலகம் இட்ட ஒரு முத்திரையும் நம் கடல் இட்ட ஒரு முத்திரையும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கலாம்.

எண்ணுவதற்கு மரம் இருக்க வேண்டுமே. போருக்குப் பிறகு காடு வெட்டப்பட்டதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பழைய வீடுகள் இடிக்கப்படுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டின் முதிரை வளையும் பாலைத் தூணும் இன்று அடுப்புக்கோ அரிவு ஆலைக்கோ போகின்றன. ஷோ லோவின் கருகிய உத்தரத்தைவிட அவை மதிப்பில் குறைந்தவை அல்ல.

மன்னாரிலும் வன்னியிலும் இருந்து இத்தொடரை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பழைய வீட்டையோ மடத்தையோ கோயில் மண்டபத்தையோ பிரித்தால், பனை வளையை விட்டுவிடுங்கள். முதிரை, பாலை, வேம்பு, தேக்கு என்றால் ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்காக அறுத்த துண்டு ஒன்றை எடுத்துவையுங்கள். பட்டை ஒட்டியிருந்த விளிம்பைச் சீவிவிடாதீர்கள், மரம் வெட்டப்பட்ட ஆண்டு அங்கேதான் இருக்கிறது. கட்டடம் எழுந்த ஆண்டு, ஊர், மரம் வந்த காடு, பெரியவர்களுக்குத் தெரிந்த அளவில் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டுங்கள். ஈரமும் கறையானும் படாத இடத்தில் வைத்து, உங்கள் பாடசாலைக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ அறிவியுங்கள். பள்ளிமுனைப் பெருக்கில் பிள்ளைகள் பெயர் செதுக்க வந்தால், தயவுசெய்து தடுங்கள்.

(தொடரும்)